சொல்லாவிட்டால் சிங்களம்

அந்தக் கூட்ட அறையில் குளிரூட்டி எப்போதும் அளவுக்கு மிஞ்சித்தான் ஓடும். வெளியே கொழும்பு வெந்துகொண்டிருக்க, உள்ளே நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு, எனக்கு முன்னால் வைத்திருந்த மீன் பட்டிஸ் பலகாரத்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளியில் நான் மச்சம் தொடமாட்டேன் என்பது எங்கள் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வெள்ளிக்கு வெள்ளி மீன் பட்டிஸ்தான் வரும். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. கடைக்காரனிடம் யாரும் வேறு எதையும் சொல்லி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

சுவர்த் திரையில் நான் சி மொழியில் எழுதிய புரோகிராம் ஒன்று தெரிந்தது. மலைப்பகுதியில் மண்சரிவு அபாயம் வந்தால் அங்குள்ள மக்களின் போனுக்கு எச்சரிக்கைச் செய்தி அனுப்பும் புரோகிராம். எங்கள் கம்பெனிக்கு அந்த வேலையைத் தந்தது ஓர் அலுவலகம். பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் மறுப்பு எழுதுவதற்கென்றே அங்கே சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு மேலே இருந்தவர் ருவன். எங்களுக்குள் பேச்சு சிங்களமும் இங்கிலீஷும் கலந்துதான் நடக்கும். இங்கே தமிழில் தருகிறேன்.

"ஜெயா, வேலை செய்கிற ஆள் எந்த மொழியில் அனுப்புவது என்று சொல்ல மறந்துவிட்டால் இது என்ன செய்யும்?" என்று கேட்டார்.

"ஓடாது. எந்த மொழி என்று சொல்லவில்லையே என்று திரையில் எழுதிக் காட்டிவிட்டு நின்றுவிடும்."

"நின்றுவிடுமா? மலை சரிகிற நேரத்தில் மறுத்துப் பேசுகிற புரோகிராம் எதற்கு?"

மேசையைச் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கேட்கிற புரோகிராம், கேட்காத புரோகிராம்

புரோகிராமை நிறுத்துகிற அந்த ஒரு வரிக்காக நான் ஏன் அவ்வளவு மல்லுக்கட்டினேன் என்று சொல்ல வேண்டுமென்றால், பதுளையில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடிக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். நான் சி படித்தது அங்கேதான். ஹாலிஎலைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து நடந்து இறங்கி, பஸ் பிடித்து, காலில் அட்டை கடித்த ரத்தத்தோடு வகுப்புக்குப் போவேன். கீழே கடையில் புதுத்துணி வாசனை. மேலே பழைய கம்ப்யூட்டர்கள் சூடேறிய பிளாஸ்டிக் வாசனை.

என்னை அனுப்பியது அக்கா. தனலெட்சுமி என்று பேர், எல்லோருக்கும் தனம். அப்போதே கல்யாணமாகி, எங்கள் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். அவள் வாய்க்குத் தோட்டத்துத் துரையே பயப்படுவார்.

ஒருநாள் மருந்தெடுக்க டவுனுக்கு வந்தவள், மழைக்குக் குடையைப் பிடித்தபடி மேல்மாடிக்கே ஏறி வந்துவிட்டாள். நான் எழுதிய முதல் உருப்படியான புரோகிராமை அவளுக்குக் காட்டினேன். அது பெயரைக் கேட்கும், சொன்னால் வணக்கம் வைக்கும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

"ஒம் பேரு என்னான்னு கேக்குதுக்கா. சொல்லு."

"அதுக்கிட்டயா, ஒங்கிட்டயா?"

"எங்கிட்ட சொல்லு. நான் அடிக்கிறேன்."

"ஏன், அதுக்குத் தமிழ் வெளங்காதா?"

"வெளங்காது. இங்கிலீசு எழுத்துலதான் அடிக்கணும்."

"அப்ப சிங்களம்?"

"அதுவும் வெளங்காது."

"அப்பாடா. இதுக்கிட்டயாச்சும் ரெண்டு பேரும் ஒண்ணு," என்று சொல்லிக் குடையை உதறினாள். பக்கத்து மேசையில் இருந்த சிங்களப் பையனுக்கும் அது புரிந்து, அவனும் சிரித்தான்.

அவள் பெயரை அடித்தேன். திரை அவளுக்கு வணக்கம் சொன்னது. உடனே, "அவரு பேரப் போடு" என்றாள். அவர் என்றால் அத்தான், அக்காவின் புருஷன் பெருமாள். திரை அவருக்கும் வணக்கம் சொன்னது. "வீட்டுல நான்கூட இவ்வளவு மரியாதையாக் கூப்புட்டதில்ல," என்றாள்.

அக்கா பார்த்தது கேட்கிற புரோகிராம். அது உங்கள் முகத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்கும். நீங்கள் பதில் சொல்லும்வரை அசையாது. நீங்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தாலும் அப்படியே நிற்கும். புதிதாகப் படிப்பவர்களுக்கு இதுதான் பிடிக்கும்.

இன்னொரு வகை உண்டு. அது எதையும் கேட்காது. அதைக் கூப்பிடும்போதே, அதன் பெயருக்குப் பின்னால் சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரே வரியில் சொல்லிவிட வேண்டும். அந்தச் சொற்களைத்தான் கமாண்ட் லைன் ஆர்கியுமென்ட் என்பார்கள். புரோகிராமுக்கு இரண்டு விஷயம் கையில் கிடைக்கும். மொத்தம் எத்தனை சொல் வந்தது என்ற எண்ணிக்கை ஒன்று. அந்தச் சொற்கள் வரிசையாக இன்னொன்று. எண்ணிக்கையில் அதன் சொந்தப் பெயரும் சேரும். வெறுமனே பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் கணக்கு ஒன்று.

சொல்ல வேண்டியதில் ஒன்றை விட்டுவிட்டால்? அங்கேதான் எழுதுகிறவளின் புத்தி வேலை செய்ய வேண்டும். ஒன்று, புரோகிராம் ஓட மறுக்க வேண்டும். இல்லையென்றால் 'சொல்லாவிட்டால் இது' என்று ஒன்றை முன்கூட்டியே அதற்குள் வைத்துவிட வேண்டும். டிபோல்ட் என்பது அதுதான்.

பதுளையில் எங்கள் மிஸ் இதை விளக்கியபோது எனக்கு உடனே புரிந்தது. தோட்டத்தில் பிறந்தவளுக்கு இது தெரியாதா? காலைப் பெரட்டில், அதுதான் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், கணக்கப்பிள்ளை ஒவ்வொருவருக்கும் எந்த மலை என்று சொல்லி அனுப்புவார். அவர் சொல்ல மறந்த ஆள் வீட்டுக்குப் போக முடியாது. ஓடைப் பக்கம் புல் வெட்டப் போக வேண்டும். சொல்லாவிட்டால் ஓடை. அம்மா எத்தனை நாள் அப்படி ஓடைக்குப் போயிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். சொல்ல மறந்தது அவர், அட்டைக்கடி அம்மாவுக்கு.

விளங்கும்தானே

கூட்டத்துக்கு வருகிறேன். வேலை தந்த அந்த அலுவலகத்தில் இருந்தது பழைய கம்ப்யூட்டர்ப் பெட்டி. அதில் சி புரோகிராம்தான் ஒழுங்காக ஓடும். அதனால்தான் அந்த வேலை என் தலையில் விழுந்தது. சந்தோஷமாகத்தான் ஏற்றுக்கொண்டேன், பொய் சொல்லக்கூடாது. மீரியபெத்தைத் தோட்டத்தை மண் மூடிய பிறகு, மழை பிடித்தால் எங்கள் சனம் வானத்தைப் பார்ப்பதில்லை, மலையைத்தான் பார்க்கும். என் படிப்பு கடைசியில் எங்கள் லயத்துக்கும், அந்த வரிசை வீடுகளுக்கும், ஒரு காரியம் செய்யப்போகிறது என்று நெஞ்சு நிமிர்ந்தது.

புரோகிராமின் பெயர், எந்தப் பிரிவு, எவ்வளவு அபாயம், எந்த மொழி. இந்த நான்கையும் ஒரே வரியில் அடித்தால் அந்தப் பிரிவிலுள்ள போன்களுக்கெல்லாம் செய்தி போய்விடும். கடைசிச் சொல் மொழி. அது இல்லாவிட்டால் ஓடாது என்று நான் எழுதியிருந்தேன்.

"ஒரு செய்தியும் போகாமல் இருப்பதைவிட, ஏதோ ஒரு மொழியில் போவது மேல் இல்லையா?" என்று ருவன் கேட்டார்.

நியாயமான கேள்வி போலத்தான் இருந்தது. அதற்கான பதில் எனக்குப் பிறகுதான் வந்தது, வந்து என்ன பயன். புரோகிராம் நின்றிருந்தால், அடித்தவன் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு இரண்டு எழுத்தைச் சேர்த்து மறுபடி அடித்திருப்பான். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

"அப்படியானால் சொல்லாவிட்டால் மூன்று மொழியிலும் போகட்டும்," என்றேன்.

செய்தி நீளும், துண்டு துண்டாக உடையும், செலவு கூடும் என்றார்கள். செலவு என்ற சொல் விழுந்த பிறகு எந்தக் கூட்டத்திலும் வேறு சொல் எழும்பாது.

அந்த அலுவலகத்தின் பக்கமிருந்து வந்தவர்களில் ஒருவர் தமிழர், வடக்குப் பக்கத்தவர். நல்ல உடுப்பு, நல்ல பதவி, மலைநாட்டுக்குப் புகைப்படம் எடுக்க எல்ல என்கிற சுற்றுலா ஊர் வரை வந்திருக்கிறாராம். அதுவரை வாய் திறக்காமல் இருந்தவர் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"தங்கச்சி, மலைநாட்டு ஆக்களுக்குச் சிங்களம் நல்லா விளங்கும்தானே. எங்கட ஆக்களைப் போல இல்லை. நீங்கள் ஏன் இதைப் பெரிசாக்கிறீங்கள்?"

"பேசுனா விளங்கும் சேர். வாசிக்கத் தெரியாது."

"ஆரும் ஒராள் வாசிச்சுச் சொல்லுவினம்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்பார்கள். அன்று எனக்குச் சாமியும் கிடைக்கவில்லை, பூசாரி மட்டும் முந்திக்கொண்டு வந்தார். ஒரு தமிழரே சொன்ன பிறகு ருவன் என்ன செய்வார்? தோளைக் குலுக்கினார். அந்தக் குளிரில் நானே என் விரலால் மாற்றி அடித்தேன்.

if (argc < 4) lang = "si";

சொற்கள் நான்குக்குக் குறைந்தால் மொழி சிங்களம். வரியின் பொருள் அவ்வளவுதான்.

விட்டேனா? விடவில்லை. தமிழர் இருக்கும் பிரிவுகளுக்குத் தமிழ் என்று சேர்த்து இன்னொரு முறை கட்டாயம் அனுப்ப வேண்டும் என்று கையேட்டில் எழுத வைத்தேன். தடித்த எழுத்தில் எழுத வைத்தேன். கையேடு என்பது கோயில் உண்டியலுக்குப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கும் அறிவிப்பு மாதிரி. எல்லோரும் அதைத் தாண்டித்தான் போவார்கள், யாரும் வாசிக்கமாட்டார்கள். அன்று எனக்கு அது தெரியவில்லை. அந்தக் கையேட்டை நம்பித்தான் அக்காவிடம் சொன்னேன்.

"மலை சரியிற மாதிரி இருந்தா ஒம் போனுக்கு மெசேஜ் வரும்க்கா. தமிழ்ல வரும். வந்தா ஒண்ணும் யோசிக்காம ஸ்கூலுக்குப் போயிருங்க."

"நீ எழுதுனதா?"

"நான் எழுதுனதுதான்."

"அப்ப வரும்," என்றாள் அக்கா.

மழை

ஐப்பசி மழை. எத்தனை நாள் பெய்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். தோட்டத்தில் கொழுந்து வேலையை நிறுத்திவிட்டார்கள். அக்கா இருந்த லயத்துக்குப் பின்னால் இருந்த மண்சுவரில் தண்ணீர் கசிந்து, வாசலில் செம்மண் குழம்பாக ஓடியதாம். அடுப்பு விறகு பற்றாமல் வீடெல்லாம் புகை.

ஒரு பின்னேரம் அந்த லயத்தில் எல்லாப் போனும் ஒரே நேரத்தில் கீச்சென்றன. எடுத்துப் பார்த்தார்கள். சிங்கள எழுத்து.

எங்கள் பக்கம் போனுக்குச் சிங்களத்தில் செய்தி வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். போன் கம்பெனிக்காரன் எதையோ விற்கிறான். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்ததால் சந்தேகமே இல்லாமல் போயிற்று. ஆபத்து என்றால் ஆள் பார்த்து வரும், விளம்பரம்தானே ஊருக்கே வரும். சிங்களம் வாசிக்கத் தெரிந்த இளசுகள் கொழும்பில் கடைகளிலும் கார்மென்ட்டிலும் இருந்தார்கள். அக்காவின் மகளும் அங்கேதான். பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிக்கிற சிறுசுகள் லயத்தில் இருந்தார்கள். இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் விளம்பரத்தை வாசித்துக் காட்டச் சொல்லி எந்த வீட்டில் பிள்ளையைக் கூப்பிடுவார்கள்?

எச்சரித்திருந்தாலும் இவர்கள் போயிருக்கமாட்டார்கள் என்று பிறகு ஒருவர் என்னிடமே சொன்னார். அது அப்பட்டமான பொய். அதற்கு முந்திய வருஷம் கணக்கப்பிள்ளை வந்து வாய்வார்த்தையாகச் சொன்னதற்கே, பாயும் பிள்ளைகளுமாக லயம் மொத்தமும் பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்துக் கிடந்தது. அன்று மலை அசையவில்லை. அதற்காக யாரும் கணக்கப்பிள்ளையைத் திட்டவுமில்லை.

இருட்டுகிற நேரம். மேல் லயத்தில் ஒரு பெண்ணுக்குக் கைக்குழந்தை. குளிப்பாட்ட அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். அக்கா அங்கே குழந்தையைக் காலில் போட்டுச் சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கீழே லொறி கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான் கேட்டதாம். ஓடி வந்து பார்த்தபோது லயத்தின் கடைசி வீடுகள், அக்கா வீடும் சேர்த்து, இல்லை. மலை வந்து அங்கே உட்கார்ந்திருந்தது.

அத்தான் இடுப்பு வலி என்று உள்ளே படுத்திருந்தார். மறுநாள் மத்தியானம்தான் எடுத்தார்கள்.

பள்ளிக்கூடத்தில்

பாதை அடைபட்டுக் கிடந்ததால் நான் வந்து சேர நேரமாகிவிட்டது. பள்ளிக்கூட வகுப்பறையில், சின்னப் பிள்ளைகள் உட்காரும் வாங்கில், யாரோ கொடுத்த சேலையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். சாவு வீட்டில் நடப்பதுதான், வருகிற ஒவ்வொருவரிடமும் கடைசிப் பின்னேரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லில்கூட மாற்றமில்லை.

"ரொட்டி சுட்டேன். சாயத்தண்ணி ஊத்திக் குடுத்தேன். அப்ப போன் கீச்சுன்னுச்சு. என்னா மெசேஜின்னு கேட்டாரு. வெளம்பரம்னேன். நம்மள நெனைக்கிறதுக்குக் கம்பெனிக்காரனாச்சும் இருக்கானேன்னாரு. பெறகு நான் புள்ளய குளிப்பாட்டப் போனேன்."

விளம்பரம் என்ற சொல்லை நான் அங்கேயே பிடித்துக்கொண்டேன். இன்னும் ஒன்றும் தெரியாது, ஆனாலும் தெரிந்துவிட்டது.

அக்காவே போனை எடுத்தாள். இடுப்பில் செருகிக்கொண்டு போனதால் அது தப்பியிருந்தது. முதலில் தமிழில் இருந்த செய்தியைக் காட்டினாள். மண் சரிந்த மறுநாள் காலையில் வந்திருந்தது.

"பாரு, எல்லாம் போனப்பறம் அனுப்பியிருக்கானுங்க. ஒன்னோடதுதான?"

"ஆமாக்கா."

"ஏன் இவ்வளவு நேரம்?"

அதற்கு நான் வாயைத் திறக்குமுன், அதற்கு மேலே இருந்த சிங்களச் செய்தியைத் தொட்டாள். "இது முந்தின நாளு வந்தது. இதுல என்னா இருக்குன்னு வாசி."

வாசிக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த வாக்கியத்தை எழுதியது நான். சிங்களத்தில் பிழை இருக்கக்கூடாதென்று ருவனிடம் கொடுத்துத் திருத்தி வாங்கியதும் நான். உங்கள் பகுதியில் மண்சரிவு அபாயம் உண்டு, உடனே வீட்டை விட்டு வெளியேறிப் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுங்கள். சத்தமாக வாசித்தால் அக்காவுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கும். சிங்களக் கடையில் மல்லுக்கு நின்று விலை பேசுகிறவள் அவள். அந்தத் தமிழ் அதிகாரி சொன்னது உண்மைதான். யாராவது வாசித்திருந்தால் எல்லோருக்கும் விளங்கியிருக்கும்.

ஆனால் அவள் கேட்டது செய்தியை மட்டும் அல்ல. அத்தானிடம் அவள் கடைசியாகச் சொன்ன சொல் சரியா தவறா என்று கேட்டாள். நான் வாசித்தால், என் புரோகிராம் செய்ததையும் அந்த மேசையில் பட்டிஸ் தின்றவர்கள் செய்ததையும் அவள் தன் தலையில் தூக்கி வைத்துக்கொள்வாள். அந்த அலுவலகம் தப்பிவிடும், கம்பெனி தப்பிவிடும், அவள் மாட்டிக்கொள்வாள். எங்கள் சனத்தின் பழக்கமே அதுதான். யார் தள்ளிவிட்டாலும் வழுக்கியது என் கால் என்போம்.

"வெளம்பரந்தான்க்கா," என்றேன். "டேட்டா போடச் சொல்றான்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். "அதான நானும் சொன்னேன்," என்றாள்.

நான் சொன்னது பொய். மறுபடி அதே வாங்கில் உட்கார வைத்துக் கேட்டாலும் அதே பொய்யைத்தான் சொல்வேன்.

கண் கெட்ட பிறகு

சில கிழமைகள் கழித்து அதே கூட்ட அறையில் விசாரணை நடந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அன்று பின்னேரம் அடிக்கப்பட்ட கட்டளையைத் திரையில் போட்டார்கள். புரோகிராமின் பெயர், பிரிவு, அபாயம். நான்காவது சொல் இல்லை. தமிழ் என்று சேர்த்த இரண்டாவது கட்டளை மறுநாள் காலையில், வேலை மாறி வந்த இன்னொருவர் அடித்தது. முதல் ஆள் மழை முழுக்கத் தூங்காமல் வேலை பார்த்த ஒரு பொடியன். அவனை நான் குற்றம் சொல்லமாட்டேன். அவன் அடித்தான், புரோகிராம் முகம் சுளிக்காமல் ஓடியது, செய்தி போய்விட்டது என்று திரையில் காட்டியது. யாராக இருந்தாலும் வேலை முடிந்தது என்றுதான் நினைப்பார்கள்.

பயிற்சி போதாது என்று முடிவெடுத்தார்கள். கையேட்டில் அந்த வரியை இன்னும் பெரிதாக்க வேண்டும் என்றும் முடிவெடுத்தார்கள்.

"தமிழிலயும் போயிருக்குத்தானே," என்றார் அந்தத் தமிழ் அதிகாரி.

"போயிருக்கு சேர். வாசிக்கத்தான் ஆளில்ல," என்றேன்.

ருவன் தலையைக் குனிந்துகொண்டார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அத்தானின் அடக்கத்துக்கு அவர் வந்தார். சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சேற்றில் வெறுங்காலோடு நின்று அழுதார். அந்த அழுகையில் பொய் இல்லை. அவர் நல்லவர். அந்த மேசையில் இருந்தவர்களில் கெட்டவன் என்று ஒருவனைக்கூட என்னால் காட்ட முடியாது. எனக்கு ஆறாதது அதுதான். கெட்டவன் ஒருவன் இருந்திருந்தால் அவன் வாசலில் போய் மண்ணை வாரித் தூற்றிவிட்டாவது வந்திருப்பேன்.

அந்த வேலையை விட்டுவிட்டேன். இப்போது பதுளையில்தான் இருக்கிறேன், பிள்ளைகளுக்கு சி சொல்லிக்கொடுக்கிறேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாவிட்டால் ஓட மறுக்கிற புரோகிராமாக எழுதச் சொல்லி உயிரை வாங்குகிறேன். என்னைப் பிடிவாதக்காரி என்கிறார்கள். அந்தப் பழைய பெட்டியில் அந்த வரி இன்னும் இருக்கிறதா என்று ருவனிடம் ஒருமுறை கேட்டேன். அவரிடமிருந்து பதில் வரவில்லை. பதில் வராததிலிருந்து புரிந்துகொண்டேன்.

வாசித்துக் காட்டியது

அக்கா என்னோடுதான் இருக்கிறாள். நான் பத்திரிகையில் எழுதிவரும் தொடரில் தன்னைப் பற்றி எழுதினால் தனக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். இந்த அத்தியாயத்தை மட்டும் வாசிக்காமல் பல நாள் ஒளித்து வைத்திருந்தேன். அச்சில் வந்த பிறகு வேறு யார் வாயாலோ அவள் கேட்பதைவிட, என் வாயால் கேட்கட்டும் என்று போன ஞாயிற்றுக்கிழமை துணிந்துவிட்டேன்.

அவள் போஞ்சிக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். பட்டிஸ், பூசாரி எல்லாவற்றையும் வாசித்தேன். தன் வாயைப் பற்றி எழுதிய இடத்தில் சிரித்தாள். பள்ளிக்கூடத்து வாங்கில் நான் பொய் சொன்ன இடத்தைத் தலை நிமிராமல் வாசித்தேன். எப்படியோ வாசித்து முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கை நிற்கவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றாள்.

"என்னாக்கா தெரியும்?"

"அதுல என்னா எழுதியிருந்துச்சுன்னு. நீ வந்து எறங்குறதுக்கு முந்தியே தெரியும். சோத்துப் பார்சல் கொண்டாந்த ஹாலிஎல கடக்கார பாய்கிட்டக் குடுத்து வாசிக்கச் சொன்னேன். பாவம், அந்த மனுசன் வாசிச்சுட்டு அழுதுட்டாரு."

நான் காகிதத்தைக் கீழே வைத்தேன். "தெரிஞ்சுக்கிட்டே ஏன்க்கா எங்கிட்ட வாசிக்கச் சொன்ன?"

அவள் அந்தக் காயை உரித்து முடித்து, சட்டியில் போட்டாள்.

"படிச்ச புள்ள ஒருத்தி வெளம்பரம்னு சொல்லிட்டா, அதயே நம்பிக்கலாம்னு பாத்தேன்."

"நம்புனியா?"

"அன்னைக்கு ஒரு ராத்திரி தூங்குனேன்," என்றாள் அக்கா.